தோலோடு நீளும் மின்னணுப் பட்டையில் சூட்டைச் சமாளிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சாதாரண சர்க்யூட் போர்டில் ஒரு சிப் சூடானால் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் நிறைய உண்டு. அடியில் செம்புத் தளம் இருக்கும், அதைத் தாங்க உலோகப் பெட்டி இருக்கும், போதாவிட்டால் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டான ஹீட் சிங்கும் விசிறியும் வைக்கலாம். அதே சிப்பை சிலிக்கோன் ரப்பருக்குள் புதைத்து, கையோடு மடங்கி நீளும் பட்டையாக மாற்றினால் இவ்வளவும் ஒரேயடியாகப் போய்விடுகிறது. ரப்பர் சூட்டை வெளியே விடாது. அடியில் இருப்பதோ உயிருள்ள தோல்.

இந்தத் துறைக்கு வருபவர்கள் மின்சுற்று நீள்வதைப் பற்றித்தான் முதலில் கவலைப்படுகிறார்கள். சூட்டைப் பற்றி யோசிப்பது பட்டையைக் கையில் ஒட்டிப் பார்த்த பிறகுதான். அந்த வரிசையை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். ஓர் உதாரணத்தையே கடைசி வரை பிடித்துக்கொள்வோம்: 4 செ.மீ.க்கு 4 செ.மீ. அளவில் 1 மி.மீ. தடிமனுள்ள சிலிக்கோன் பட்டை. முன்கையில் ஒட்டினால் நாடித்துடிப்பை எல்.இ.டி. ஒளியால் அளந்து ரேடியோ வழியே அனுப்பும். கணக்குகள் எல்லாம் ஒரு தாளில் போட்டுவிடக்கூடியவை. அவை தோராயமானவைதான், ஆனாலும் வடிவமைப்பில் எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்கப் போதும்.

படி 1: எத்தனை டிகிரி கையில் இருக்கிறது?

முன்கைத் தோலின் இயல்பான வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ் பக்கம். மருத்துவ மின்கருவிகளுக்காக ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்த 60601‑1 தரம், 10 நிமிடமோ அதற்கு மேலோ உடலைத் தொட்டிருக்கும் பகுதிக்கு 43 டிகிரியை எல்லையாக வைக்கிறது. 41ஐத் தாண்டினாலே அதைக் கருவியின் கையேட்டில் சொல்லியாக வேண்டும். இந்த எண்களுக்குப் பின்னால் பழைய ஆய்வு ஒன்று இருக்கிறது. 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் காட்டியது: 44 டிகிரியில் சுமார் 6 மணி நேரம் இருந்தால் தோல் வெந்துபோகும், அங்கிருந்து ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ பாதியாகும். 44 டிகிரி கையில் பட்டால் சுடுவதுபோலவே தெரியாது, இதமாகத்தான் இருக்கும். ஆபத்து அங்கேதான். தூக்கத்தில் கட்டியிருக்கும் கருவி என்றால் எச்சரிக்க வலிகூட வராது.

நான் 41ஐத்தான் எல்லையாக எடுத்துக்கொள்வேன். 41இலிருந்து 33ஐக் கழித்தால் 8 டிகிரி. வெயில் நாளில் தோலே 35, 36 என்று இருக்கும், அப்போது மிச்சம் 5தான். இந்த 8ஐ ஒரு தாளில் பெரிதாக எழுதி மேசைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாமே இந்த 8க்குள் அடங்க வேண்டும்.

படி 2: வரவு செலவுக் கணக்கு

மனப்பாடம் செய்துகொள்ள வேண்டிய எண் ஒன்று இருக்கிறது: அசையாத காற்றில், ஒரு சதுர செ.மீ. பரப்பு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 1 மில்லிவாட் சூட்டை வெளியே விடும். காற்றோட்டத்தால் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும், அகச்சிவப்புக் கதிர்வீச்சால் மீதியும் போகிறது. நம் பட்டையின் மேல்பரப்பு 16 சதுர செ.மீ. அதனால் டிகிரிக்கு 16 மில்லிவாட். 8 டிகிரிக்கு 128 மில்லிவாட். வருமானம் அவ்வளவுதான். தோலும் இரத்த ஓட்டமும் கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும், ஆனால் அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. காப்பாற்ற வேண்டிய பொருளையே ஹீட் சிங்காக நினைத்து வடிவமைப்பது சரியல்ல.

இப்போது செலவைப் பார்ப்போம். பேட்டரி 3.7 வோல்ட், சிப்களுக்குத் தேவை 1.8 வோல்ட்டில் 50 மில்லியாம்பியர், அதாவது 90 மில்லிவாட். நடுவில் எல்.டி.ஓ. ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் எளிய சிப்) வைத்தால் மீதி 1.9 வோல்ட்டை அது சூடாகவே கரைக்கும்: 1.9 பெருக்கல் 50, மொத்தம் 95 மில்லிவாட். வேலைக்கு ஆகும் மின்சாரத்தைவிட வீணாவது அதிகம்! கூட்டினால் 185 மில்லிவாட், சராசரி ஏற்றம் 11.5 டிகிரிக்கு மேல். பட்டை ஆரம்பத்திலேயே தோற்றுவிட்டது.

எல்.டி.ஓ.வை எடுத்துவிட்டு, அதே வேலையைக் குறைந்த இழப்பில் செய்யும் 90 சதவீதத் திறனுள்ள பக் கன்வர்ட்டரைப் போட்டால் இழப்பு 10 மில்லிவாட் ஆகும். மொத்தம் 100, ஏற்றம் 6.25 டிகிரி. புதுப் பொருளும் இல்லை, ஆய்வகமும் வேண்டாம், ஒரு சிப்பை மாற்றியதோடு ஏறத்தாழ பாதிச் சூடு போய்விட்டது. உண்டாகாத சூட்டை யாரும் வெளியேற்ற வேண்டியதில்லை. அதனால் எல்.இ.டி. எத்தனை மில்லிவினாடி எரிய வேண்டும், ரேடியோ எத்தனை முறை பேச வேண்டும் என்பதையெல்லாம் இந்தக் கட்டத்திலேயே கறாராக முடிவு செய்யுங்கள்.

படி 3: சூட்டைப் பரப்புங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

6.25 டிகிரி என்பது சூடு பட்டை முழுக்கச் சமமாகப் பரவினால் கிடைக்கும் எண். நிஜத்தில் அந்த 100 மில்லிவாட்டும் 3 மி.மீ. சதுர சிப் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது. அது எவ்வளவு தூரம் பக்கவாட்டில் போகும்? இதற்கு எளிய சூத்திரம் உண்டு: பொருளின் வெப்பக் கடத்துத்திறனைத் தடிமனால் பெருக்கி, மேலே சொன்ன காற்று எண்ணால் (சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 10 வாட்) வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். வருவதுதான் பரவும் தூரம்.

சிலிக்கோனின் கடத்துத்திறன், மீட்டர்‑கெல்வினுக்கு 0.2 வாட் சுமார். 1 மி.மீ. தடிமனுக்குப் பரவும் தூரம் 4.5 மி.மீ. வருகிறது. அதாவது 4 செ.மீ. பட்டையில் நடுவே ஒரு சிறு வட்டம் மட்டும் கொதிக்கும், ஓரமெல்லாம் சும்மா கிடக்கும். கணக்குப் போட்டால் சிப் இருக்கும் இடத்தில் ஏற்றம் 95 டிகிரி பக்கம்.

அதே பட்டைக்குள் வெறும் 18 மைக்ரான் செம்புத் தகட்டை வைத்தால்? செம்பின் கடத்துத்திறன் 390. பரவும் தூரம் 26 மி.மீ.க்கு மேல், பட்டையின் பாதி அகலத்தைவிட அதிகம். சிப்பின் ஏற்றம் 95இலிருந்து 10 டிகிரிக்கு இறங்கிவிடும். தலைமுடியைவிட மெல்லிய தகடு செய்கிற வேலை இது. 25 மைக்ரான் கிராஃபைட் தாள் இன்னும் மேலே போகும். நல்ல தாளுக்குத் தாளின் பரப்போடு போகும் திசையில் கடத்துத்திறன் 1600 என்று வைத்தால் 63 மி.மீ. வருகிறது.

பலர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: சிப்பிலிருந்து கிளம்பும் செம்புக் கம்பிகளே சூட்டைக் கொண்டுபோகாதா? போகாது. 100 மைக்ரான் அகலம், 18 மைக்ரான் தடிமன், 10 மி.மீ. நீளமுள்ள கம்பி ஒன்று டிகிரிக்கு 0.07 மில்லிவாட்தான் கடத்தும். நான்கு கம்பி சேர்ந்தாலும் 0.3ஐத் தொடாது. மின்சாரத்துக்கு அது அகலமான சாலை, சூட்டுக்கு வெறும் ஒற்றையடிப் பாதை. சூட்டுக்கென்று தனி வழி போட்டே ஆக வேண்டும்.

படி 4: பரப்பும் அடுக்கையும் நீளச் செய்யுங்கள்

செம்பும் கிராஃபைட்டும் நீளாது, சிலிக்கோன் நீளும். இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரிந்து மூன்று நல்ல வழிகள் இருக்கின்றன.

முதல் வழி வடிவத்தில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜான் ரோஜர்ஸின் குழு 2011இல் தோல்போல ஒட்டும் மின்னணுவைக் காட்டியதிலிருந்து பாம்புபோல வளைந்து வளைந்து போகும் உலோகப் பாதை இந்தத் துறையில் எல்லோருக்கும் பழக்கமான கருவி. உலோகம் நீள்வதில்லை, வளைவுகள்தான் விரிந்து கொடுக்கின்றன. வெப்பப் பரப்பியையும் அப்படியே வெட்டலாம். தாளில் கீறல்கள் போட்டு வலைபோல விரியவிடும் கிரிகாமி முறை கிராஃபைட்டுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் இதற்கு விலை உண்டு. செம்பு பாதிப் பரப்பை மட்டும் மூடி, சூடு நடக்கும் பாதை ஒன்றரை மடங்கு நீண்டால், பயன் மூன்றில் ஒன்றாகக் குறையும். 18 மைக்ரான் செம்பு 6 மைக்ரான்போல வேலை செய்யும், சிப் மறுபடி 19 டிகிரிக்கு ஏறும்.

இதைச் சரிக்கட்ட ஒரு வழி இருக்கிறது. சிப் உட்காரும் விறைப்பான சிறு பகுதி, அதாவது ‘தீவு’, எப்படியும் நீளப்போவதில்லை. அதனால் அந்தத் தீவுக்கு நேராக 1 செ.மீ. விட்டத்துக்கு வெட்டே இல்லாத முழுச் செம்பு வட்டத்தை விடுங்கள், வளைவுகள் அதன் ஓரத்திலிருந்து தொடங்கட்டும். செம்பையும் 35 மைக்ரானாக்குங்கள். ஏற்றம் 10 டிகிரிக்கு வரும். அப்புறம் கன்வர்ட்டர், எல்.இ.டி., ரேடியோ மூன்றையும் ஒரே இடத்தில் குவிக்காமல் மூன்று தீவுகளாகத் தள்ளி வையுங்கள். 7 டிகிரி பக்கம் வந்துவிடும். 8க்குள் நுழைந்துவிட்டோம்.

இரண்டாவது வழி ரப்பரில் தூள் கலப்பது. அலுமினா, அலுமினியம் நைட்ரைடு, போரான் நைட்ரைடு ஆகிய மூன்றும் மின்சாரத்தைத் தடுத்து வெப்பத்தை விடும். கடத்துத்திறன் 2 கிடைத்தால் பரவும் தூரம் 14 மி.மீ. சிக்கல் என்னவென்றால், நல்ல கடத்தல் வர வேண்டுமானால் தூள்கள் ஒன்றையொன்று தொடுகிற அளவுக்குக் கலக்க வேண்டும்; அந்த அளவுக்குக் கலந்தால் ரப்பர் விறைத்துப்போகும், இழுத்தால் கிழியும். கொஞ்சமாகக் கலந்தால் மென்மை இருக்கும், கடத்தல் வராது. மெல்ல வளையும் கருவிக்குச் சரி, 50 சதவீதம் நீள வேண்டிய கருவிக்கு நான் இதை நம்பமாட்டேன்.

மூன்றாவது திரவ உலோகம். காலியமும் இண்டியமும் சேர்ந்த கலவை 15.5 டிகிரிக்கு மேல் திரவமாகவே இருக்கும். அதைக் குட்டிக் குட்டித் துளிகளாக ரப்பருக்குள் கலந்தால் துளியும் ரப்பரோடு சேர்ந்து நீளும், விறைப்பு ஏறாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2017இல் கார்மெல் மஜிதியின் குழுவினர் வெளியிட்ட அளவுகள் இவை: பாதிக் கனஅளவு திரவ உலோகம் கலந்த ரப்பரின் வெப்பக் கடத்துத்திறன், சும்மா இருக்கும்போது 4.7, 400 சதவீதம் இழுத்தபோது, இழுத்த திசையில் 9.8. உருண்டைத் துளிகள் இழுவையில் ஊசிபோல நீண்டு சூட்டுக்குப் பாதை போடுகின்றன. மற்றப் பொருள்கள் இழுத்தால் கெடும், இது இழுத்தால் தேறுகிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இது.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். 1 மி.மீ. தடிமனுள்ள இந்த ரப்பர், கணக்கில் 12 மைக்ரான் செம்புக்குச் சமம்தான். எடையோ சாதாரண சிலிக்கோனைப்போல மூன்றரை மடங்கு. நம் பட்டை ஒன்றரை கிராமிலிருந்து 6 கிராம் பக்கம் போகும், ஒட்டும் பசைக்கு அது தெரியும். அடுத்தது, காலியம் அலுமினியத்தைத் தின்றுவிடும். கசிந்த ஒரு துளி அலுமினியத் தகட்டின் மேல் விழுந்தால், சில மணி நேரத்தில் அந்த இடம் விரலால் பொடிக்கிற அளவுக்கு நொறுங்கும். பட்டையிலும் சரி, வேலை மேசையிலும் சரி, இரண்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

படி 5: கணக்கை இழுத்த நிலையில் மறுபடி போடுங்கள்

இதுவரை போட்டது சும்மா கிடக்கும் பட்டையின் கணக்கு. கருவி வேலை செய்வதோ இழுபட்ட நிலையில்.

ரப்பரின் கனஅளவு மாறாது. ஒரு திசையில் இரண்டு மடங்கு நீட்டினால் தடிமன் 71 சதவீதமாகக் குறையும், பரப்பு 1.41 மடங்காகும். அதனால் தடிமன் வழியே வெப்பத்தடை சரியாகப் பாதியாகிறது. காற்றுப் பக்கம் இது நல்ல செய்தி, தோல் பக்கம் அப்படியல்ல. சூடு தோலுக்கும் சுலபமாக இறங்கும்.

திரவ உலோகக் கம்பிகளில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். கம்பி நீண்டால் குறுக்குவெட்டு சுருங்கும், ஆக மின்தடை நீட்சியின் இருமடிக்கு ஏறும். 50 சதவீதம் நீண்டால் 2.25 மடங்கு. அரை மி.மீ. அகலம், 0.1 மி.மீ. உயரம், 5 செ.மீ. நீளமுள்ள கம்பியின் தடை 0.3 ஓம் பக்கம் இருக்கும். அதில் 50 மில்லியாம்பியர் ஓடினால் சூடு ஒரு மில்லிவாட்கூட இல்லை, மறந்துவிடலாம். அதே கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் 0.29 வாட், இழுத்தால் 0.66 வாட். ஒத்தடம் தரும் சூடேற்றும் பட்டையோ செயற்கைத் தசையோ செய்பவர்களுக்கு இது உயிர்நாடியான கணக்கு. அவர்களுக்கு என் யோசனை: நிலையான மின்னோட்டத்தை விட்டுவிட்டு நிலையான மின்னழுத்தத்தில் ஓட்டுங்கள். அப்போது இழுத்தால் சூடு 2.25 மடங்கு ஏறாது, 44 சதவீதமாக இறங்கும். யாராவது கையை வேகமாக நீட்டினாலும் கருவி தானே அடங்கிப்போகும்.

ரப்பர் பேண்டை உதட்டில் வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாகத் தெரியும். ஜான் காஃப் 1805இல் கவனித்ததும் பின்னர் இயற்பியலாளர் ஜூல் அளந்ததும் இதைத்தான். நம் பட்டையின் சிறிய நீட்சிக்கு இந்தச் சூடு பொருட்டே இல்லை, கணக்கில் விட்டுவிடலாம்.

படி 6: மேல்தோலும் அடித்தோலும்

மேல்பரப்பில் பளபளக்கும் உலோகத்தை ஒருபோதும் வெறுமனே விடாதீர்கள். பளபளப்பான உலோகம் அகச்சிவப்பை அநேகமாக வெளிவிடுவதே இல்லை, அதனால் நம் 1 மில்லிவாட் கணக்கில் பாதிக்கு மேல் போய்விடும். அதன் மேல் 0.1 மி.மீ. சிலிக்கோன் பூசினால் போதும், கதிர்வீச்சு 90 சதவீதம் பக்கம் திரும்பிவிடும். சூட்டைத் தடுக்கும் ரப்பரைப் பூசிக் குளிர வைக்கிறோம் என்பது கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அவ்வளவு மெல்லிய அடுக்கின் தடை மிகச் சிறியது.

பரப்பி அடுக்கு மேலே, சிப் நடுவே, சாதாரண சிலிக்கோன் தோல் பக்கம் என்று வரிசைப்படுத்துங்கள். சிப்புக்கும் பரப்பிக்கும் இடையில் காற்றுக் குமிழ் இருக்கக் கூடாது: 0.1 மி.மீ. காற்று 0.8 மி.மீ. சிலிக்கோன் அளவுக்குத் தடுக்கும். திரவ சிலிக்கோனை அச்சில் ஊற்றுவதற்கு முன் வெற்றிடக் கலத்தில் குமிழை எடுத்துவிடுங்கள். வியர்வை போகத் துளைகளும் வேண்டும், இல்லாவிட்டால் சூடே இல்லாமலும் தோல் சிவந்துபோகும்.

இன்னொன்று. சிலிக்கோன் ஒரு டிகிரிக்கு மில்லியனில் 300 பங்கு விரியும், செம்பு 17தான். 75 டிகிரியில் கெட்டிப்படுத்தி அறைக்குக் கொண்டுவந்தாலே இரண்டுக்கும் 1.4 சதவீத வித்தியாசம் வந்து, ஓரங்கள் பிரியப் பார்க்கும். அவசரம் இல்லையென்றால் அறை வெப்பத்திலேயே இரண்டு நாள் விட்டுக் கெட்டிப்படுத்துங்கள்.

படி 7: திடீர்ச் சூட்டுக்குத் தனி ஏற்பாடு

பட்டை சட்டைக் கைக்குள் போனால் காற்றுப் பக்க எண் பாதியாகலாம். சேமித்த தகவலை ஒரே மூச்சில் அனுப்பும்போது ரேடியோ இரண்டு மடங்கு எரியலாம். இதற்கென்று பட்டையைப் பெரிதாக்கத் தேவையில்லை.

1 மி.மீ. சிலிக்கோன் சூடாகவும் ஆறவும் ஆகும் கால அளவு இரண்டரை நிமிடம் சுமார். மில்லிவினாடித் துடிப்புகளெல்லாம் அதில் கரைந்து சராசரியாகிவிடும். பல நிமிடம் நீடிக்கும் சூட்டுக்கு மட்டும்தான் உதவி வேண்டும். ஐகோசேன் என்ற மெழுகு 37 டிகிரி பக்கம் உருகும், உருகும்போது கிராமுக்கு 240 ஜூல் சுமார் விழுங்கும். ஒரு கிராம் இருந்தால் 100 மில்லிவாட்டை 40 நிமிடம் தாங்கும். நுண்ணிய உறைகளில் அடைத்து ரப்பரில் கலந்தால் ஒழுகாது. ஆனால் அது மறுபடி உறைய வாய்ப்புக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க எரியும் கருவிக்கு மெழுகால் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, தோலை ஒட்டிய பக்கத்தில் ஒரு சிறிய என்.டி.சி. தெர்மிஸ்டரை (சூட்டை அளக்கும் உணரி) வையுங்கள். 40 டிகிரி வந்தால் அளக்கும் வேகம் பாதியாகட்டும், 41இல் ரேடியோ நிற்கட்டும். மென்பொருள் தொங்கிவிட்டாலும் மின்சாரத்தை அறுக்கும் தனிச் சுற்று ஒன்றும் இருக்க வேண்டும். இதைச் செலவு என்று யாரும் கழிக்கக் கூடாது.

படி 8: அளந்து பாருங்கள்

தெர்மல் கேமராவை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். திரவ உலோகக் கம்பி போட்ட என் பட்டை ஒன்றைக் கேமராவில் பார்த்தபோது ரப்பரெல்லாம் மஞ்சளாகவும் கம்பி மட்டும் கருநீலமாகவும் தெரிந்தது, ஐஸ் ஓடுவதுபோல. சூடு பிறக்கும் இடமே கம்பிதான், அது எப்படிக் குளிரும்? பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் காட்டாமல் அறையின் சுவரைப் பிரதிபலித்துக்கொண்டிருந்தது. மேலே மின்சார வேலைக்குப் பயன்படும் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டியதும் அந்த இடம் சிவப்பாகிவிட்டது.

கேமரா மேல்பக்கத்தை மட்டுமே காட்டும், நமக்கு வேண்டியது அடிப்பக்கம். அங்கே இரண்டு உலோகக் கம்பிகளால் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை வையுங்கள், கம்பி முடியளவு மெல்லியதாக இருக்கட்டும். தடித்த கம்பி தானே சூட்டை உறிஞ்சி, குறைத்துக் காட்டும். முதல் சோதனைகளை மனிதர்மேல் செய்யாதீர்கள். தண்ணீரும் ஜெலட்டினும் சேர்த்து உறையவைத்த கட்டியை 33 டிகிரியில் வைத்தால் தோலுக்கு நல்ல மாற்று. ஆனால் ஜெலட்டின் அந்தச் சூட்டிலேயே இளகும் என்பதால் நான் அகார் (கடற்பாசிக் கூழ்) பயன்படுத்துகிறேன். அகார் உறைந்தால் 80 டிகிரி வரை கெட்டியாக நிற்கும்.

குறைந்தது 20 நிமிடம் ஓடவிட்டுப் பிறகு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா வைத்து ஒரு முறை, 30 சதவீதம் இழுத்துப் பிடித்து ஒரு முறை, மேலே துணி போர்த்தி ஒரு முறை. அப்புறம் பட்டையை ஆயிரம் தடவை இழுத்து விட்டுவிட்டு இந்த மூன்றையும் அப்படியே திரும்ப அளவிடுங்கள். முதல் நாள் 40 காட்டிய பட்டை ஆயிரமாவது இழுப்புக்குப் பிறகு 43 காட்டினால், பரப்பி அடுக்கு எங்கோ சிலிக்கோனை விட்டுப் பிரிந்து காற்று புகுந்திருக்கிறது. பெரும்பாலும் அது செம்பு வட்டம் முடிந்து முதல் வளைவு தொடங்கும் ஓரமாகத்தான் இருக்கும். பட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வெள்ளைப் பிறை ஒன்று தெரியும். அந்த மூலையைக் கூர்மையில்லாமல் வட்டமாக்கி, ஒட்டுப்பூச்சு தடவி, படி 6இலிருந்து மறுபடி தொடங்குங்கள்.